படுத்தே கிடந்தால் போய்விடுமா இடுப்பு வலி?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் சேலத்தில் வீட்டுக்கு வீடு அமர்க்களம்தான். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். அதற்குள் ஒட்டடை அடித்து, வீட்டைக் கழுவிவிட்டு, பரண்மேல் இருக்கிற பெரிய பாத்திரங்களை இறக்கித் துலக்கி... "இடுப்பே ஒடிஞ்சு போச்சு!" என்று பெண்கள் நாம் பேச்சுக்குச் சொல்வோம் இல்லையா? 2023-ஆம் வருஷம் ஆடியில் எனக்கு அது நிஜமாகவே ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

சமையல் பாதியில் நிற்கும்போது காஸ் தீர்ந்துவிட்டது. நிறை சிலிண்டரை நானே அடுப்பு மேடைக்குக் கீழே நகர்த்தினேன். காஸ் மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் சுமார் 30 கிலோ வரும். குனிந்தபடியே உடம்பைத் திருப்பி ஒரு தூக்குத் தூக்கினேன். சுளீரென்று இடுப்பில் ஒரு வெட்டு! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், முட்டியில் தட்டினார், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "பயப்படும்படி ஒன்றுமில்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரை போடுங்கள், முடிந்தவரை நடமாடுங்கள்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடமாடச் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை!

ஆளுக்கொரு வைத்தியம்

வீட்டில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊரே டாக்டராகிவிடும். "அசையாம படுத்துக்கோ கண்ணு, வெறும் பலகையிலே படு" என்றார் என் அத்தை (மாமியார்தான்). எதிர்வீட்டு அக்கா தான் போட்டுக்கொண்டிருந்த பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். "சிசேரியன்ல முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்கல்ல, அது இப்பதான் வேலையைக் காட்டுது" என்றாள் என் நாத்தனார். அந்த ஊசி போட்டுப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது!

நான் எல்லாவற்றையும் நம்பினேன். பலகையில் படுத்தேன், பெல்ட்டை இறுக்கினேன், படுத்தே கிடந்தேன். பத்து நாளில் போயிருக்க வேண்டிய வலி ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நீண்டது. யாரும் சொல்லாமலே போய் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர், 'எல் 4 - எல் 5 ஜவ்வு தேஞ்சு பிதுங்கியிருக்கு. இனிமேல் குனியவே கூடாது' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வலி கால் பங்கு, பயம் முக்கால் பங்கு என்று ஆகிவிட்டது என் வாழ்க்கை.

குனிந்து கோலம் போடுவதை நிறுத்தினேன். துணி துவைப்பதை நிறுத்தினேன். பஸ் குலுக்கும் என்று அம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். கடைசியில் சமையலறைக்குள் போவதையே நிறுத்திவிட்டேன்.

அரிசி டப்பாமேல் ஒரு புத்தகம்

என் மகள் அப்போது பிளஸ் டூ. டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அடுப்படியில் விளக்கு எரிந்தது. அரிசி டப்பாமேல் கெமிஸ்ட்ரி புத்தகத்தைச் சாத்தி வைத்திருந்தாள். ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள் அந்தக் குழந்தை. கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"ஏன்டி தூங்கலையா?" என்றேன்.

"பரவாயில்லம்மா. நீ போய்ப் படு. உனக்கு இடுப்பு வலிக்கும்" என்றாள்.

நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. என் இடுப்பைக் காப்பாற்றுகிறேன் என்று இவள் படிப்பைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே என் கணவரைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் டாக்டரிடம் போனேன். அவர்தான் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் அனுப்பினார். சின்னப் பெண்; என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த பாடம் பெரிது.

வலிக்கிறது என்றால் உடைகிறது என்று அர்த்தமா?

"உங்க முதுகு கண்ணாடிப் பாத்திரம் இல்லீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார். இடுப்புப் பகுதியில் ஐந்து கெட்டியான எலும்புகள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஜவ்வு. சுற்றிலும் தசைகள், தசைநார்கள். குனிய, நிமிர, திரும்ப, சுமக்க என்றே படைக்கப்பட்டது அது. அசையாமல் வைத்திருந்தால்தான் தசைகள் இளைத்துப்போகும், மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். பிறகு சின்ன வேலை செய்தாலும் வலிக்கும். வலிக்கிறதே என்று இன்னும் படுப்போம். இப்படியே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

"அப்போ ஸ்கேன்ல தேய்மானம்னு இருக்கே?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கணக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வலியில்லாத அந்த மனிதர்களில், 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்ததாம்! 40 வயதில் 68 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கமும் 40 வயதில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆக, தலை நரைப்பது மாதிரி வயதானால் வருகிற மாறுதல்தான் இது பெரும்பாலும். நரைத்த முடி வலிக்கிறதா என்ன?

பின்னே ஏன் மாதக்கணக்கில் வலிக்கிறது? அதற்கு ஓர் உதாரணம் சொன்னார். திருடன் வந்தால் குரைக்கட்டும் என்று வீட்டில் நாய் வளர்க்கிறோம். ஒரு தடவை திருடன் வந்து போனபிறகு அந்த நாய் தபால்காரரைப் பார்த்தாலும் குரைக்கிறது, பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கிறது. குரைப்பது நிஜம், ஆனால் திருடன் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலி பல பேருக்கு இப்படித்தான். முதலில் பட்ட அடி ஆறிப்போயிருக்கும். நரம்புகள் மட்டும் உஷாராகவே இருக்கும். தூக்கம் கெட்டால், கவலை அதிகமானால், பயந்தால் இன்னும் கூடுதலாகக் குரைக்கும்.

இதைக் கேட்டு, 'வலியெல்லாம் மனப் பிரமை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி நிஜம்தான். ஆனால் வலிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ கிழிகிறது, உடைகிறது என்று பயப்படத் தேவையில்லை. எனக்குப் பாதி நோய் இந்த ஒரு விஷயம் புரிந்த அன்றைக்கே குறைந்தது.

உலகம் பூராவும் இதே கதை

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. 2023 டிசம்பர் 7-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முதன்முதலாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பரீட்சை முடிந்த கையோடு என் மகள் தன் போனில் அதைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். 2020-ஆம் வருஷம் உலகத்தில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலியாம். அதாவது 13 பேரில் ஒருவருக்கு! அதிலும் பெண்களுக்குத்தான் அதிகம். பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வுதான் காரணம் என்று திட்டமாகச் சொல்ல முடியாதாம்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாபேட்டையில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் நெய்கிறவர்கள், தரையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோக்கிற பெண்கள், நாமக்கல்லிலிருந்து வடக்கே நாள் கணக்கில் லாரி ஓட்டுகிறவர்கள்... யாரைக் கேட்டாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பது யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. டி.வி. முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிற நமக்கும் அதேதான்.

அந்த வழிகாட்டி முதலில் சொல்லும் வைத்தியம் எது தெரியுமா? ஊசியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்வது! அடுத்து உடற்பயிற்சி. பிறகு தேவைக்குத் தகுந்தபடி கையால் செய்யும் சிகிச்சைகள், மசாஜ், மனதுக்குத் தைரியம் தரும் ஆலோசனை, வீக்கம் வலிக்கான சில மாத்திரைகள். இடுப்பு பெல்ட், கட்டி இழுக்கிற டிராக்ஷன், அல்ட்ராசவுண்டு ஒத்தடம், கரண்டு வைக்கிற மெஷின் இவற்றை நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் பெல்ட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். (அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விவரம் சொன்னதும் அவரும் பீரோவுக்குள் வைத்துவிட்டார்!)

பலகைப் படுக்கையும் போயிற்று. ஸ்பெயின் நாட்டில் 313 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. வீட்டில் இருக்கிற இலவம்பஞ்சு மெத்தை குழி விழாமல் இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை.

சிசேரியன் ஊசி விஷயத்தையும் கேட்டேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். பிரசவத்தின்போது முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாள்பட்ட இடுப்பு வலியில் வித்தியாசம் தெரியவில்லையாம். குழந்தை பெற்ற பிறகு வயிற்றுத் தசைகள் தளர்ந்திருப்பது, தூக்கமில்லாதது, குழந்தையைத் தூக்கித் தூக்கி வைப்பது இவைதான் பெரும்பாலும் காரணம். அதனால் இளம் தாய்மார்களே, அந்த ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் நாள் தெருமுனை வரை

எனக்கு முதல் மருந்து நடை. "எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டார் டாக்டரம்மா. "வாசல் வரைக்கும்" என்றேன். "அப்போ நாளைக்குத் தெருமுனை வரைக்கும்" என்றார்!

முதல் நாள் ஐந்து நிமிஷம். வலித்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒன்றும் உடைந்துபோகவில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு இரண்டு நிமிஷம் கூட்டினேன். மார்கழிக் குளிரில் ஃபேர்லேண்ட்ஸ் தெருக்கள் காலையில் அமைதியாக இருக்கும். வடக்கே ஏற்காட்டு மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது. சித்திரைக்குள் அரை மணி நேரம் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

2024 ஜூனில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்தது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா இருந்தவர்களுக்கு நடுத்தரக் கணக்கில் 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கோ 208 நாள் வரை தள்ளிப்போயிற்று. பைசா செலவில்லாத மருந்து!

நான் செய்யும் நான்கு பயிற்சிகள்

இவற்றைப் பாயில் படுத்தே செய்யலாம். ஆரம்பத்தில் ஐந்து ஐந்து தடவை போதும். கர்ப்பிணிகளும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், எலும்பு பலவீனம் உள்ள பெரியவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, இடுப்புக்குக் கீழே இருக்கிற இடைவெளி தரையில் படும்படி அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

2. அதே நிலையில் ஒரு முழங்காலை இரண்டு கைகளாலும் மார்பை நோக்கி மெதுவாக இழுத்துப் பத்து எண்ணுங்கள். பிறகு அடுத்த கால்.

3. பாதங்களை ஊன்றியபடியே இடுப்பை மட்டும் மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். தொடைக்கும் பின்புறத்துக்கும் பலம் வரும்.

4. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பார்க்கச் சாதாரணம், பத்து தடவை செய்தால் தெரியும்!

இதில்தான் மந்திரம் இருக்கிறது என்று இல்லை. யோகாசனம் செய்கிறவர்கள் அதையே செய்யலாம். எந்தப் பயிற்சி உசத்தி என்பதைவிட, விடாமல் செய்வதுதான் முக்கியம். செய்யும்போது வலி கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம். கூடுதலாகவே நின்றால் அளவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

வீட்டு வேலையை எப்படிச் செய்வது?

இடுப்பு வலிக்காரர்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது! மறுநாள் படுத்துவிடுவது. நானும் செய்தேன். இப்போது கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறேன். இருபது நிமிஷம் ஒரு வேலை. பிறகு நிலையை மாற்றிக்கொள்வேன். நின்று சமைத்தால் சற்று உட்கார்ந்து காய் நறுக்குவேன். உட்கார்ந்து துணி மடித்தால் எழுந்து ஒரு நடை நடப்பேன்.

* தண்ணீர்க் குடமோ, ஊறவைத்த அரிசிப் பாத்திரமோ, தூக்குவதற்கு முன் அதன் கிட்டே போய் நில்லுங்கள். முழங்காலையும் மடக்கி, பொருளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டு இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்புங்கள்.

* ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சின்னக் குடம். ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்று என்ன சட்டமா?

* துவைத்த துணியை வாளியோடு மாடிக்குத் தூக்காமல் பாதி பாதியாகக் கொண்டுபோங்கள்.

* குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது நீங்கள் குழந்தையிடம் குனியாமல், மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உங்களிடம் உயர்த்துங்கள். முதுகுக்குச் சுவரோ தலையணையோ சாய்மானம் இருக்கட்டும். காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறபோது சுவரில் சாய்ந்து உட்காருங்கள். வெந்நீர், துண்டு, சோப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

* குனிவதற்கே பயந்து மரம் மாதிரி விறைத்து நிற்காதீர்கள். பழகிப் பழகித்தான் இடுப்புக்குத் தைரியம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவிடம், "உனக்கு இடுப்பு வலி வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "நான் படுத்தா நாலு வீட்டுப் பாத்திரத்தை யாரு தேய்க்கிறது, யாரு சம்பளம் குடுக்கிறதுக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. படுத்து முடங்குவதும் தப்பு. ஒருத்தியே அத்தனையும் சுமப்பதும் தப்பு. இப்போது எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றுவதும், பரணிலிருந்து இறக்குவதும் என் கணவர் வேலை. அந்த அம்மா உட்கார்ந்து பாத்திரம் துலக்க ஒரு முக்காலி வாங்கிப் போட்டேன். உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை சகோதரிகளே!

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை

'மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டேன்' என்று சொல்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வலி மாத்திரைகளை நாள் கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சூடு பொறுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுக்காமல், வலி தணிந்திருக்கிற அந்த நேரத்தில் கொஞ்சம் நடந்துவிடுங்கள்.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

நான் மேலே சொன்ன தைரியமெல்லாம் டாக்டர் ஒருமுறை பார்த்து, 'பயமில்லை' என்று சொன்னவர்களுக்குத்தான். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

* சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போவது. மர்ம உறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது. கால்கள் நாளுக்கு நாள் பலமிழப்பது. இவற்றுக்கு அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாளைக் கடத்தினால் நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

* வலியோடு காய்ச்சல், முக்கியமாகச் சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது. முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. மருந்தால் குணப்படுத்தக் கூடியது; தாமதிக்கக் கூடாது.

* முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி. ராத்திரி படுத்தாலும் ஓயாத வலி.

* கீழே விழுந்த பிறகு வந்த வலி. மாதவிலக்கு நின்ற பெரியவர்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் லேசாக வழுக்கி உட்கார்ந்தாலே எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

காசு செலவழித்துத்தான் சிகிச்சை பெற வேண்டும் என்றில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதையும் சேர்த்திருந்தார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

திரும்ப வந்தால்?

'உங்களுக்கு இப்போது வலியே இல்லையா?' என்று கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை கல்யாண வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை காரணமே தெரியவில்லை. ஆனால் பழைய மாதிரி பலகையைத் தேடவில்லை. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1995-ல் வெளியாயிற்று. புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில், இரண்டு நாள் படுத்தவர்களைவிட, பொறுக்க முடிந்த அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்களாம். அதை நினைத்துக்கொண்டு நானும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, கனமான வேலையை மட்டும் ஒதுக்கிவிட்டு நடமாடினேன். ஒரு தடவை ஆறு நாளில் போயிற்று. இன்னொரு தடவை பத்து நாள் ஆயிற்று.

என் மகள் பிளஸ் டூ பாஸாகி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கடைசி மூன்று மாதம் அவள் அடுப்படிப் பக்கம் வரவே நான் விடவில்லை. "அம்மா, உன் இடுப்பு..." என்று ஆரம்பிப்பாள். "என் இடுப்பை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படி" என்று விரட்டுவேன்.

2024 பொங்கலுக்கு எங்கள் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போனாள். 2025 பொங்கலுக்கு நானே இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலம் போட்டேன். ஒரே மூச்சில் இல்லை. நடுவில் மூன்று தடவை எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்துதான் முடித்தேன். கலர் கொடுத்தது மட்டும் மகள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருக்கிறார்களா? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், கையைப் பிடித்துத் தெருமுனை வரை ஒரு நடை கூட்டிக்கொண்டு போய் வாருங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்